பாயை இறக்கியவர்களும் கொடியை ஏற்றியவர்களும்

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் நெருங்குகையில், 1946ஆம் ஆண்டின் பம்பாய்க் கடற்படைப் போராட்டம் குறித்த கட்டுரை ஒன்றேனும் மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வந்துசேரும். ஆங்கில மூலத்தில் ‘மியூட்டினி’ என்ற சொல் இருக்கும். அதைத் தமிழில் ‘கலகம்’ என்று எழுதுவதா, ‘எழுச்சி’ என்று எழுதுவதா, ‘வேலைநிறுத்தம்’ என்று எழுதுவதா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழும். இது அகராதியைப் புரட்டித் தீர்த்துக்கொள்ளக்கூடிய ஐயம் அன்று. மாலுமிகள் செய்ததைக் குற்றம் என்கிறோமா, உரிமை என்கிறோமா என்பதே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கும் வினா.

இவ்வினாவுக்கு விடை தேடிச் சென்றால் பாய்க்கப்பல்களின் காலத்துக்கே போக வேண்டியிருக்கிறது. தொழிலாளர்கள் வேலையை நிறுத்துவதைக் குறிக்கும் ‘ஸ்ட்ரைக்’ என்ற ஆங்கிலச் சொல்லே கடலிலிருந்து கரையேறியதுதான். 1768ஆம் ஆண்டு லண்டன் துறைமுகத்தில் கூலி உயர்வு கேட்ட மாலுமிகள், கப்பல்களின் பாய்களைக் கீழே இறக்கிவிட்டு, எந்தக் கப்பலும் நகர முடியாதபடி செய்தார்கள். பாயை இறக்குவதற்கு அவர்கள் மொழியில் ‘ஸ்ட்ரைக்’ என்று பெயர். அன்றிலிருந்து அது உழைப்பாளியின் மறுப்பைக் குறிக்கும் சொல்லாயிற்று. ஆனால், போர்க்களத்தில் எதிரியிடம் சரணடையும் கப்பல் தன் கொடியை இறக்குவதற்கும் அதே சொல்தான். பாயை இறக்கினால் போராட்டம். கொடியை இறக்கினால் சரணாகதி. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, போராடுகிறவனைத் தேசத்தின் எதிரி என்று காட்டுவதே ஆளும் வர்க்கத்தின் பழைய உத்தி. அந்த உத்தியைப் பொய்யாக்கிய கடற்போர் ஒன்று உண்டு. 1797 அக்டோபர் 11 அன்று ஹாலந்துக் கடற்கரைக்கு அப்பால் நடந்த கேம்பர்டௌன் போர் அது.

போரும் அதன் புகழும்

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் ஐரோப்பிய முடியரசுகள் பிரான்சுக்கு எதிராகத் திரண்டிருந்த காலம். 1795இல் நெதர்லாந்தில் பழைய ஆட்சி வீழ்ந்து, பிரான்சின் நேச நாடாகப் படேவியக் குடியரசு அமைந்தது. அதன் கடற்படை டெக்செல் தீவின் அருகே நங்கூரமிட்டிருந்தது. அது வெளியே வந்துவிடாதபடி அட்மிரல் ஆடம் டங்கன் தலைமையிலான பிரிட்டிஷ் வடகடல் அணி காவல் காத்தது.

அக்டோபர் தொடக்கத்தில், பழுதுபார்க்கவும் உணவுப்பொருள் ஏற்றவும் டங்கன் யார்மத் துறைமுகத்துக்குத் திரும்பியிருந்த வேளையில், துணை அட்மிரல் யான் வில்லெம் டி வின்டர் தலைமையில் டச்சுக் கப்பல்கள் கடலுக்குள் வந்தன. செய்தி கிடைத்ததும் டங்கன் விரைந்தார். 11ஆம் தேதி காலை, கேம்பர்டௌன் என்னும் கடலோரச் சிற்றூர் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இரு அணிகளும் எதிர்ப்பட்டன. பிரிட்டிஷ் தரப்பில் 16 பெரும் போர்க்கப்பல்கள். டச்சுத் தரப்பிலும் ஏறத்தாழ அதே எண்ணிக்கை. காற்று கரையை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. டச்சுக் கப்பல்கள் ஆழம் குறைந்த கரைப்பகுதியை நெருங்கிக்கொண்டிருந்தன. அங்கே சென்றுவிட்டால், அடிப்பாகம் ஆழமான பிரிட்டிஷ் கப்பல்கள் பின்தொடர முடியாது. எனவே, அணிவகுப்பைச் சீராக்கக் காத்திராமல், டங்கன் தம் கப்பல்களை இரு கூட்டங்களாக டச்சு வரிசையின் மீது செலுத்தி, அதை ஊடறுத்தார்.

பிற்பகல் முழுவதும் மிக நெருக்கத்திலிருந்து பீரங்கிகள் முழங்கின. பிரெஞ்சுக் கப்பல்கள் எதிரியின் பாய்களையும் கயிறுகளையும் குறிவைப்பது வழக்கம். டச்சுக்காரர்களோ பிரிட்டிஷாரைப் போலவே கப்பலின் உடலைக் குறிவைத்தார்கள். அதனால் இரு தரப்பிலும் சேதம் கடுமையாயிற்று. ‘சுதந்திரம்’ என்று பொருள்படும் ‘ஃப்ரைஹைட்’ என்ற டச்சுத் தலைமைக் கப்பல், பாய்மரங்கள் அனைத்தும் முறிந்த பின்னரே பணிந்தது. டி வின்டர் சிறைப்பட்டார். டச்சு அணியில் 11 கப்பல்கள் பிடிபட்டன. பிரிட்டிஷ் தரப்பில் ஒரு கப்பல்கூட இழக்கப்படவில்லை. எனினும் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர், 600க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். டச்சுத் தரப்பில் மாண்டோர் 500க்கும் மேல்.

லண்டனில் மணிகள் ஒலித்தன. டங்கனுக்குப் பிரபுப் பட்டம் வந்தது. அவருக்கும் அவருக்குப் பின் பட்டமேற்கும் வாரிசுகள் இருவருக்குமாக, ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான பவுன் ஓய்வூதியம் வழங்கப்பட்டது. பிரிட்டிஷ் கடற்படை வரலாற்றின் பொன்னெழுத்துப் பக்கங்களில் கேம்பர்டௌன் சேர்ந்துகொண்டது.

இந்தப் பக்கத்தில் எழுதப்படாத ஒன்று உண்டு. அன்று பீரங்கிகளை இயக்கியவர்கள் யார்? டங்கனின் 16 கப்பல்களில் ஏறத்தாழப் பாதி, நான்கே மாதங்களுக்கு முன்பு செங்கொடி ஏற்றி அரசை எதிர்த்து நின்றவை. டைரக்டர், மான்மத், ஆர்டென்ட், மாண்டேகு, ஐசிஸ் ஆகிய கப்பல்களின் மாலுமிகள் ஜூன் மாதத்தில் கலகக்காரர்கள்; அக்டோபரில் வீரர்கள். மனிதர்கள் மாறவில்லை. அரசுக்கு அவர்களிடம் இருந்த தேவை மட்டுமே மாறியது.

ஸ்பிட்ஹெட்: 32 பிரதிநிதிகள்

1797 வசந்த காலத்தில், பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். அவர்களில் பலர் தாமாக வந்தவர்கள் அல்லர். தெருவிலும் துறைமுகத்திலும் வணிகக் கப்பல்களிலும் வளைத்துப் பிடிக்கப்பட்டவர்கள். மாவட்டந்தோறும் இத்தனை பேர் என்று விதித்த 1795ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுப்பப்பட்ட கடனாளிகளும் சிறு குற்றவாளிகளும். கணிசமான எண்ணிக்கையில் அயர்லாந்து மக்கள். தேர்ந்த மாலுமிக்கு மாதம் 24 ஷில்லிங், சாதாரண மாலுமிக்கு 19 ஷில்லிங். இந்த ஊதியம் 1650களில் நிர்ணயிக்கப்பட்டது. ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாக ஒரு பென்னிகூட உயரவில்லை. அந்தக் கூலியும் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கும். உணவு அளக்கும்போது 16 அவுன்சுக்குப் பதிலாக 14 அவுன்சே ஒரு பவுண்டாகக் கணக்கிடப்படும். மீதி இரண்டு அவுன்சு கப்பல் பண்டகக் கணக்கரின் பங்கு. போரில் காயமுற்றுப் படுத்தால், வேலைக்குத் திரும்பும்வரை ஊதியம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கசையடி.

கால்வாய் அணியின் மாலுமிகள் முதலில் மனு எழுதினார்கள். பெயரிடாத அந்த மனுக்கள் ஒதுக்கிவைக்கப்பட்டன. 1797 ஏப்ரல் 16 அன்று, போர்ட்ஸ்மத்துக்கு அருகிலுள்ள ஸ்பிட்ஹெட்டில், புறப்படுமாறு ஆணை வந்தபோது 16 பெரும் கப்பல்களின் மாலுமிகள் நங்கூரத்தைத் தூக்க மறுத்தார்கள். கப்பலுக்கு இருவர் வீதம் 32 பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்பிரதிநிதிகள் ‘குயீன் சார்லட்’ கப்பலில், அட்மிரலின் அறையிலேயே கூடி விவாதித்தார்கள்.

அவர்கள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு கவனத்துக்குரியது. அன்றாடக் கப்பல் வேலைகள் தடையின்றி நடந்தன. குடித்துவிட்டுத் தகராறு செய்தவனைப் பிரதிநிதிகளே தண்டித்தார்கள். வணிகக் கப்பல்களுக்குத் துணைசெல்லும் கப்பல்கள் தடுக்கப்படவில்லை. பிரெஞ்சு அணி கடலுக்குள் வந்தால் உடனே புறப்படுவோம் என்று அறிவித்தார்கள். கோரிக்கைகள் சில, அவை எவருக்கும் புரிபவை. ஊதிய உயர்வு, 16 அவுன்சுப் பவுண்டு, காயமுற்ற காலத்துக்கு ஊதியம், நோயாளிகளுக்கு முறையான கவனிப்பு, கரைக்குச் சென்றுவர அனுமதி, கொடிய அதிகாரிகளை அகற்றுதல். நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அரச மன்னிப்பும் கைக்கு வரும்வரை நங்கூரத்தைத் தொடமாட்டோம் என்பதில் அவர்கள் உறுதியாக நின்றார்கள். வாய்மொழி உறுதியின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அரசு இழுத்தடித்தது. மே 7 அன்று ‘லண்டன்’ என்னும் கப்பலில் அதிகாரிகளின் தரப்பிலிருந்து சுடப்பட்டு மாலுமிகள் உயிரிழந்தனர். அப்போதும் ஒற்றுமை குலையவில்லை. இறுதியில் முதிய அட்மிரலான ஹோ பிரபு கப்பல் கப்பலாக ஏறி இறங்கி மாலுமிகளிடம் பேச வேண்டியதாயிற்று. ஊதியம் உயர்ந்தது, அளவை திருத்தப்பட்டது, ஐம்பதுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் அக்கப்பல்களிலிருந்து அகற்றப்பட்டனர். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. தொழிற்சங்கம் என்ற அமைப்பே சட்டத்துக்கு உட்படாதிருந்த காலத்தில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, உலகின் மிக வலிய கடற்படையில் நடந்த வெற்றிகரமான வேலைநிறுத்தம் இது. இதற்கு வேறு எந்தப் பெயரும் பொருந்தாது.

நோர்: தூக்குக்கயிறு

ஸ்பிட்ஹெட் போராட்டம் முடியுமுன்பே, மே 12 அன்று, தேம்ஸ் நதி கடலில் கலக்கும் இடத்திலுள்ள நோர் நங்கூரத் தளத்தில் அடுத்த போராட்டம் தொடங்கியது. பிரதிநிதிகளின் தலைவராக ரிச்சர்ட் பார்க்கர் தேர்ந்தெடுக்கப்பட்டார். முப்பது வயதினர், கல்வியறிவு பெற்றவர், கடனுக்காகச் சிறைப்பட்டுக் கடற்படைக்கு வந்தவர். டங்கனின் கப்பல்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்துகொண்டன. ஒரு கட்டத்தில், டச்சு அணியின் வாயிலைக் காக்க டங்கனிடம் எஞ்சியவை இரண்டே பெரும் கப்பல்கள். தொடுவானத்துக்கு அப்பால் பெரும் அணி நிற்பதுபோல் பொய்யான சைகைக் கொடிகளைக் காட்டியே அவர் காலம் கடத்தினார். ‘பவுண்டி’ கப்பலில் மாலுமிகளால் வெளியேற்றப்பட்டுப் பெயர்பெற்ற வில்லியம் பிளைதான் அப்போது ‘டைரக்டர்’ கப்பலின் கேப்டன். அவர் மறுபடியும் கரைக்கு அனுப்பப்பட்டார்.

நோர் மாலுமிகள் செங்கொடி ஏற்றினார்கள். கடற்படையில் அது ‘போர் தொடங்குக’ என்பதற்கான சைகை. அவர்களின் கோரிக்கைகள் ஸ்பிட்ஹெட்டைவிட ஒருபடி முன்னே சென்றன. நிலுவை ஊதியத்தைக் கொடுத்த பிறகே கப்பல் புறப்பட வேண்டும், பிடிபட்ட பொருளில் நியாயமான பங்கு வேண்டும், கடற்படைத் தண்டனை விதிகளைத் திருத்த வேண்டும் என்று கேட்டார்கள். அரசு இம்முறை இறங்கிவரவில்லை. உணவும் குடிநீரும் நிறுத்தப்பட்டன. கப்பல்கள் தப்பிச் செல்ல முடியாதபடி வழிகாட்டும் மிதவைகளும் அடையாளக் கம்பங்களும் அகற்றப்பட்டன. மாலுமிகள் லண்டனின் வணிகத்தை மறித்தார்கள். அது நகர மக்களிடமிருந்து அவர்களைப் பிரித்தது. அரசுக்குத் தேவையாயிருந்ததும் அதுவே. ஸ்பிட்ஹெட் அணி தன் கோரிக்கைகள் நிறைவேறி அமைதியடைந்துவிட்டிருந்தது. ஜூன் இரண்டாம் வாரத்தில் கப்பல்கள் ஒன்றொன்றாகச் செங்கொடியை இறக்கின. ஜூன் 30 அன்று ‘சாண்ட்விச்’ கப்பலில் பார்க்கர் தூக்கிலிடப்பட்டார். ஏறத்தாழ முப்பது பேர் அவ்வாறே கொல்லப்பட்டனர். பலர் கசையடி பட்டனர், சிறை சென்றனர், ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

மூன்றரை மாதம் கழித்து கேம்பர்டௌன். கடுமையாக அடிவாங்கிய கப்பல்களில் ஒன்று ‘ஆர்டென்ட்’. அதில் மட்டும் 41 பேர் மாண்டனர், 107 பேர் காயமுற்றனர். டச்சுத் தலைமைக் கப்பலைத் தாக்கியவற்றுள் ‘டைரக்டர்’ ஒன்று. போரில் கடமை தவறியதற்காகப் பின்னர் விசாரணை நடந்தது உண்மை. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நின்றது எந்த மாலுமியும் அல்ல. தம் கப்பலைப் போர்முனைக்குக் கொண்டுசெல்லாத ‘அஜின்கோர்ட்’ கேப்டன் வில்லியம்சன். அவருக்குத் தூக்குக்கயிறு இல்லை. கேப்டன்களின் பட்டியலில் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டு, மீண்டும் பணிபுரியத் தகுதியற்றவரானார், அவ்வளவே.

வெற்றிக்குப் பின் டங்கன் ஒரு நற்செயல் புரிந்தார். அதையும் சொல்லியாக வேண்டும். மெட்வே நதியில் சிறைக் கப்பலில் அடைக்கப்பட்டிருந்த நோர் மாலுமிகள் 180 பேருக்காக அவர் பரிந்து பேசினார், அவர்கள் மன்னிக்கப்பட்டனர். அவ்வெற்றி எவருடைய கைகளால் கிடைத்தது என்பதை அம்மன்னிப்பே ஒப்புக்கொள்கிறது.

கொடியை ஆணியடித்தவர்

டங்கனின் தலைமைக் கப்பலான ‘வெனரபிள்’ இல் ஜாக் கிராஃபோர்டு என்றொரு மாலுமி இருந்தார், சண்டர்லாந்து ஊரினர். போரின் உச்சத்தில் பாய்மரத்தின் மேற்பகுதி குண்டுபட்டு முறிந்து, அட்மிரலின் கொடி கீழே விழுந்தது. கொடி இல்லையெனில் கப்பல் சரணடைந்துவிட்டதாகப் பொருள். குண்டுமழைக்கு நடுவே கிராஃபோர்டு மரமேறி, கொடியை அதில் ஆணியடித்துவிட்டு இறங்கினார். அரசு அவருக்கு ஆண்டுக்கு 30 பவுன் வழங்கியது. பிற்காலத்தில் அவர் வறுமையில் உழன்றார், பதக்கத்தையும் விற்றார். 1831இல் சண்டர்லாந்தில் காலரா நுழைந்தபோது முதலில் பலியானவர்களுள் அவரும் ஒருவர். ஏழைகளுக்கான அடையாளமற்ற குழியில் புதைக்கப்பட்டார். 1890இல் அதே ஊரில் அவருக்குச் சிலை எழுந்தது. உயிரோடிருந்தபோது சோறு கிடைக்கவில்லை. இறந்து அறுபதாண்டுகள் கழித்து வெண்கலம் கிடைத்தது. உழைப்பாளியின் தேசபக்தியை ஆளும் வர்க்கம் கொண்டாடும் முறை இதுதான். நம் நாட்டிலும் இது புதிதன்று.

எவர் வெற்றி, எதற்கான வெற்றி?

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. அம்மாலுமிகள் யாருக்காக வென்றார்கள்?

1797 கோடையில் டெக்செலில் நின்ற டச்சு அணி, அயர்லாந்துக்குப் படை கொண்டுசெல்லவே ஆயத்தமாயிருந்தது. ஐக்கிய அயர்லாந்தினர் இயக்கத்தின் உல்ஃப் டோன் டி வின்டரின் கப்பலிலேயே காத்திருந்தார். வாரக்கணக்கில் காற்று எதிராக வீசியது, உணவு தீர்ந்தது, படைகள் இறக்கப்பட்டன. அக்டோபரில் அந்த அணி நொறுங்கியபோது, டச்சு உதவி என்ற வழியும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு எழுந்த அயர்லாந்து மக்களின் புரட்சி குருதியில் மூழ்கடிக்கப்பட்டது. கேம்பர்டௌனில் பிரிட்டிஷ் பீரங்கிகளை இயக்கியவர்களில் அயர்லாந்தினர் பலர் இருந்தனர் என்பது இதன் கொடுமையை மிகுவிக்கிறது. டச்சுக் குடியேற்றங்களான நன்னம்பிக்கை முனை, கொச்சி, கொழும்பு ஆகியவற்றை 1795-96இலேயே பிரிட்டன் கைப்பற்றியிருந்தது. அவற்றை மீட்கும் வலிமை டச்சுக் கடற்படைக்கு இனி இல்லை. நம் கடல் யாருடைய ஏரியாகும் என்பதைத் தீர்த்த போர்களுள் இதுவும் ஒன்று.

எனவே அந்த வெற்றியை நாம் கொண்டாட வேண்டியதில்லை. கூலிக்காகவும் சோற்றுக்காகவும் உறுதியோடு நின்றவர்கள், பேரரசு என்ற பெரிய கேள்வியில் தம் முதலாளிகளின் பக்கமே நின்றார்கள். சிலர் குடியரசுக் கருத்துகளை அறிந்திருந்தனர். ஆனால் பொதுக் கோரிக்கைகளில் அது இடம்பெறவில்லை. இது அவர்களைப் பழிப்பதற்காகச் சொல்லப்படுவதன்று. பொருளாதாரப் போராட்டம் தன்னளவில் அரசியல் உணர்வாக மலர்ந்துவிடாது என்று நம் இயக்கம் கற்றுக்கொண்ட பாடத்துக்கு, அவ்வியக்கம் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட எடுத்துக்காட்டு இது.

இரு நூற்றாண்டு வாழ்ந்த சட்டங்கள்

மாலுமிகளின் கோரிக்கைகளைவிட, அவர்கள் அமைப்பாகத் திரண்டதே அரசை அஞ்சவைத்தது. அந்த அச்சத்தில் பிறந்த சட்டங்களின் ஆயுள் வியப்புக்குரியது. 1797 ஜூன் மாதத்தில் படையினரைக் கலகத்துக்குத் தூண்டுவதற்கு எதிரான சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் இரகசிய உறுதிமொழிகளுக்கு எதிரான சட்டமும் வந்தது. இரண்டாண்டு கழித்து, தொழிலாளர் கூட்டுச்சேர்வதையே குற்றமாக்கிய சட்டம் தொடர்ந்தது.

1834இல் டால்பட்டில் என்ற சிற்றூரின் வேளாண் கூலிகள் ஆறு பேர் சங்கம் அமைத்தார்கள். அவர்களை ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப் பயன்பட்டது, மாலுமிகளை மனத்தில் கொண்டு இயற்றப்பட்ட அந்த உறுதிமொழிச் சட்டமே. 1912இல், வேலைநிறுத்தத் தொழிலாளர்மீது சுடாதீர்கள் என்று படையினரைக் கேட்டுக்கொண்ட துண்டறிக்கையை வெளியிட்டதற்காகத் தொழிற்சங்கத் தலைவர் டாம் மான் சிறைசென்றது, 1797ஆம் ஆண்டுத் தூண்டுதல் சட்டத்தின்கீழ். 1924இல் பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுக் கட்சியின் ஏட்டாசிரியர் ஜே. ஆர். கேம்பல்மீது அதே சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்துப் பின்னர் அதைக் கைவிட்டதன் எதிரொலியாக, முதல் தொழிற்கட்சி அரசே கவிழ்ந்தது. 1925இல் ஹாரி பாலிட், வில்லியம் கேலக்கர் உள்ளிட்ட கட்சித் தலைவர்கள் பன்னிருவர் தண்டிக்கப்பட்ட வழக்கிலும் அச்சட்டம் இடம்பெற்றது. அது பிரிட்டிஷ் சட்டநூலிலிருந்து நீங்கியது 1998இல்தான். பார்க்கரைத் தூக்கிலிட்ட கயிறு மக்கிப் போன பின்னும், அவரை அஞ்சி எழுதிய சட்டம் 200 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது.

பம்பாயில் அதே வினா

இப்போது என் மேசைக்குத் திரும்புகிறேன். 1946 பிப்ரவரி 18 அன்று, பம்பாயில் ‘தல்வார்’ என்னும் கடற்படைப் பயிற்சி நிலையத்தின் மாலுமிகள், உண்ணத் தகாத உணவையும் கமாண்டரின் இனவெறி வசவுகளையும் எதிர்த்து உண்ண மறுத்தார்கள். ஓரிரு நாளில் அது கப்பல்களுக்கும் கராச்சி முதலிய துறைமுகங்களுக்கும் பரவியது. காங்கிரஸ் கொடி, லீக் கொடி, செங்கொடி மூன்றும் ஒன்றாக ஏறின. எம். எஸ். கான் தலைவராகவும் மதன் சிங் துணைத் தலைவராகவும் அமைந்த குழுவுக்கு அவர்களே சூட்டிய பெயர், ‘கடற்படை மத்திய வேலைநிறுத்தக் குழு’. தம் செயலை என்னவென்று அழைப்பது என்பதை அவர்கள் தெளிவாகவே முடிவுசெய்திருந்தார்கள்.

அவர்களுடைய கோரிக்கைகளும் சோற்றிலும் சம ஊதியத்திலும் நின்றுவிடவில்லை. இந்திய தேசிய ராணுவத்தினரையும் அரசியல் கைதிகளையும் விடுதலை செய்க, இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்பப் பெறுக என்றும் கேட்டார்கள். 1797இன் மாலுமிகள் தொடாத கேள்வியை இவர்கள் தொட்டார்கள். டச்சுப் பேரரசை மீண்டும் நிலைநிறுத்த எங்கள் கைகளைப் பயன்படுத்தாதீர்கள் என்பதுதான் அந்த இந்தோனேசியக் கோரிக்கையின் பொருள்.

கம்யூனிஸ்டுக் கட்சியின் அறைகூவலை ஏற்று, பிப்ரவரி 22 அன்று பம்பாயின் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நோர் மாலுமிகளுக்குக் கிடைக்காத கரையின் ஆதரவு இவர்களுக்குக் கிடைத்தது. தெருக்களில் 200க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆனால் வல்லபாய் படேலும் ஜின்னாவும் சரணடையுமாறே அறிவுறுத்தினர். 23ஆம் தேதி மாலுமிகள் பணிந்தனர். பழிவாங்கல் இராது என்ற உறுதி காற்றில் போயிற்று, நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தனர். விடுதலை பெற்ற இந்தியாவின் கடற்படையும் அவர்களைத் திரும்ப அழைக்கவில்லை. ஸ்பிட்ஹெட் மாலுமிகள் மன்னிப்புச் சட்டம் கைக்கு வரும்வரை நங்கூரத்தைத் தொட மறுத்தது ஏன் என்பது இங்கே விளங்கும்.

‘கலகம்’ என்ற சொல்லின்மீது எனக்குத் தனிப்பட்ட பகை ஏதும் இல்லை. கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும் என்று சொன்ன மொழி தமிழ். எனினும் ‘சிப்பாய்க் கலகம்’ என்று நெடுங்காலம் நம் பாடநூல்கள் எழுதியபோது, அது பழமொழியின் கலகம் அன்று; படை நீதிமன்றத் தீர்ப்பின் கலகம். அச்சொல்லைப் பயன்படுத்துகையில், குறையைக் கேட்டவனின் பெயர் மறைந்து, ஆணையிட்டவனின் சினம் மட்டும் எஞ்சுகிறது. ஆகவே ஸ்பிட்ஹெட்டிலும் நோரிலும் நடந்ததை ‘வேலைநிறுத்தம்’ என்றே எழுதுகிறேன். 1946இல் நடந்தது வேலைநிறுத்தமாகத் தொடங்கி, விடுதலைக் கோரிக்கையோடும் ஆலைத் தொழிலாளரோடும் இணைந்தபோது ‘எழுச்சி’ ஆயிற்று.

இன்றைய நங்கூரம்

இது பழங்கதை என்று எவரும் எண்ண வேண்டாம். 2021இல் மோடி அரசு 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, அத்தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துவிடாதபடி முதலில் அவசரச் சட்டமும் பின்னர் நாடாளுமன்றச் சட்டமும் கொண்டுவந்தது. காரணமாகச் சொல்லப்பட்டது நாட்டின் பாதுகாப்பு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான தொழிலுறவுத் தொகுப்பு, எந்தத் தொழில் நிறுவனத்திலும் 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் கூடாது என்கிறது; சமரசப் பேச்சு நடக்கும் காலத்திலும் கூடாது என்கிறது; தொழிலாளர்களில் பாதிப்பேர் ஒன்றாகத் தற்செயல் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம் என்கிறது. முன்னறிவிப்புக் கொடுத்ததும் சமரசப் பேச்சைத் தொடங்கிவிட்டால், சட்டத்துக்கு உட்பட்ட வேலைநிறுத்தத்துக்கு இடமே இல்லாமற் போகும். பாயை இறக்கும் கையைக் கட்டிவிட்டு, கொடியை ஏற்றும் கையை மட்டும் போற்றுகிற அதே பழைய முறை.

படைக்கலத் தொழிலாளி வேலையை நிறுத்தினால் நாடு ஆபத்துக்குள்ளாகும் என்று சொல்வோருக்கு 1797 விடையளிக்கிறது. வேலைநிறுத்தம் செய்த மாலுமிகளால் கடற்படை அழியவில்லை. அழுகிய உணவாலும் கொடுக்காத கூலியாலும் அது அழிந்துகொண்டிருந்தது. 14 அவுன்சை 16 அவுன்சாக்கியவர்கள்தான் அக்டோபரில் அந்தக் கப்பல்களைச் செலுத்தினார்கள். சேர்ந்து மறுக்கக் கற்றுக்கொண்ட கைகளுக்கே சேர்ந்து உழைக்கவும் தெரியும். இதை முதலாளிகளும் அறிவார்கள். அதனால்தான் மறுக்கும் உரிமைமீது முதலில் கைவைக்கிறார்கள்.

நம் தோழர்கள் ஆலை வாயில்களில் பேசும்போது இதைச் சொல்லலாம். கூடவே, நோர் நங்கூரத்தளத்தின் பாடத்தையும் மறக்காமல் சொல்ல வேண்டும். கரையின் ஆதரவைத் திரட்டாத கப்பல் எத்தனை உறுதியோடு நின்றாலும் தனித்துவிடும். ஒரு பிரிவின் கோரிக்கை நிறைவேறியதும் அது மற்றொரு பிரிவைக் கைவிட்டுவிட்டால், அடுத்து வருவது தூக்குக்கயிறு. ஸ்பிட்ஹெட் வென்ற பிறகு நோருக்காகக் காத்திருந்திருந்தால் பார்க்கர் பிழைத்திருக்கக்கூடும்.

அடுத்த பிப்ரவரியில் மீண்டும் ஒரு கட்டுரை வரும். மூலத்தில் அதே ஆங்கிலச் சொல் இருக்கும். அதற்கு நேராக, பம்பாய் மாலுமிகள் தம் குழுவுக்குத் தாமே தேர்ந்துகொண்ட சொல்லையே எழுதுவேன். அவர்கள் தம் கையால் எழுதிய பெயரை மாற்றி எழுத மொழிபெயர்ப்பாளனுக்கு உரிமை இல்லை.